எல்லாப் பெயரையும் எழுதுங்கள்: யாழ்ப்பாண மாநகர சபைக்கு ஒரு திறந்த மடல்

மாநகர முதல்வருக்கும் சபையின் 45 உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் கொட்டடியில் பிறந்து இன்றுவரை அங்கேயே இருந்து சோலைவரி கட்டுகிறவன். எந்தக் கட்சியிலும் இல்லை. உங்களிடம் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நகரத்தில் போரால் கொல்லப்பட்ட, காணாமல் ஆக்கப்பட்ட, துரத்தப்பட்ட பொதுமக்கள் எல்லோருடைய பெயரையும், கொன்றது யார் துரத்தியது யார் என்று பார்த்துத் தள்ளிவைக்காமல், மாநகர சபையே தன் செலவில் தன் நிலத்தில் எழுதி வைக்க வேண்டும். சிலருடைய பெயரை மட்டும் அல்ல, எல்லோருடைய பெயரையும்.

பஸ் நிலையத்தில் இறங்கி முற்றவெளிப் பக்கம் நடந்து பாருங்கள். பொது நூலகம் வருகிறது. 1981 மே 31 இரவு பொலிஸ்காரர்களும் அவர்களோடு வந்தவர்களும் வைத்த தீயில் 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் போன இடம். இன்று வெள்ளை வெளேரென்று நிற்கிறது. தெற்கிலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள், நல்ல விஷயம், வரட்டும், பார்க்கட்டும். பக்கத்தில் துரையப்பா விளையாட்டரங்கு. 1999இல் அந்த மைதானத்தைத் திருத்த மண்ணை வெட்டியபோது மனித எலும்புகள் வந்தன. பிறகு அரங்கைப் புதுப்பித்து 2016இல் பெரிய விழாவாகத் திறந்தார்கள், இந்தியப் பிரதமர் காணொளியில் பேசினார். அங்கே மாலையில் ஓடிப் பழகுகிற பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், துரையப்பா யார், அந்த எலும்புகள் யாருடையவை என்று. இன்னும் கொஞ்சத் தூரத்தில் வீரசிங்கம் மண்டபம், 1974 ஜனவரி 10இல் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில் பொலிஸ் புகுந்து சனம் செத்ததற்கான நினைவுத் தூண்கள். அந்தத் தூண்களையும் உடைத்தார்கள், நாங்கள் திரும்பக் கட்டினோம்.

இவ்வளவும் பத்து நிமிட நடைக்குள். இந்த நிலம் முழுவதும் உங்கள் கண்பார்வைக்குள் இருக்கிற நிலம்.

எங்கள் ஊரில் நினைவுச் சின்னங்களுக்குப் பஞ்சம் இல்லை என்று சொல்வீர்கள். இல்லைத்தான். ஏ9 வீதியால் யாழ்ப்பாணத்துக்கு வருகிறவனை ஆனையிறவில் முதலில் வரவேற்பது இராணுவத்தின் வெற்றிச் சின்னம், இலங்கைப் படத்தைத் தூக்கிப் பிடித்த கைகள். பலாலியில் இந்தியப் படையினருக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்குள் முள்ளிவாய்க்கால் தூபி இருக்கிறது, அதை 2021 ஜனவரி 8 இரவு இடித்ததும், மாணவர்கள் வாசலில் குந்தி உண்ணாவிரதம் இருந்ததும், ஏப்ரலில் திரும்பக் கட்டித் திறந்ததும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நவாலியில் சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் 1995 ஜூலை 9ஆம் திகதி விமானக் குண்டில் செத்த 120க்கும் மேற்பட்ட சனத்துக்கு அங்குள்ளவர்கள் ஒவ்வொரு வருசமும் மெழுகுதிரி கொளுத்துகிறார்கள். ஆக, படை தன்னுடைய ஆட்களுக்குக் கட்டியது, இந்தியா தன்னுடைய ஆட்களுக்குக் கட்டியது, தேவாலயம் தன் பங்கு மக்களுக்குச் செய்தது, மாணவர்கள் தங்களால் இயன்றதைச் செய்தார்கள். இந்த நகரம், நகரம் என்ற முறையில், எல்லோருக்குமாகச் செய்தது என்ன? அதைச் செய்யக்கூடிய ஒரே சபை நீங்கள்தான். கொழும்பு செய்யாது. செய்தாலும் எங்களுக்கு அது வேண்டாம், ஏனென்றால் அங்கிருந்து வருவது எப்போதும் வெற்றிச் சின்னமாகவே வந்திருக்கிறது.

பெரியாஸ்பத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1987 ஒக்ரோபர் 21, தீபாவளி நாள். இந்திய இராணுவம் உள்ளே புகுந்து சுட்டது. அடுத்த நாள் காலை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, நாங்கள் வைத்தியர்கள், தாதிகள் என்று சொல்லிக்கொண்டு முன்னுக்கு வந்த வைத்தியரையும் சுட்டார்கள். 21 பணியாளர்கள் உட்பட 60க்கும் மேற்பட்டவர்கள் அந்த இரண்டு நாளில் போனார்கள். ஆஸ்பத்திரிக்காரர் வருசம் தவறாமல் தங்கள் ஆட்களின் படங்களுக்கு முன்னால் விளக்கேற்றுகிறார்கள், அவர்களுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அன்றைக்குக் கட்டிலிலும் கட்டிலுக்குக் கீழேயும் கிடந்த நோயாளிகள்? வேலணையிலிருந்தோ குருநகரிலிருந்தோ காய்ச்சலுக்கு வந்து படுத்தவர்கள்? அவர்கள் ஆஸ்பத்திரியின் ஆட்களும் இல்லை, எந்த இயக்கத்தின் ஆட்களும் இல்லை. அவர்களுடைய பெயரை எந்த மேடையில் யார் படிப்பது?

சரி, இனி கஷ்டமான பகுதிக்கு வருகிறேன். இதை வாசித்துவிட்டு உங்களில் சிலர் மடலை மூடிவிடக்கூடும், தயவுசெய்து மூடாதீர்கள்.

1990 ஒக்ரோபர் 30. நான் அப்போது சாதாரண தரம் படித்துக்கொண்டிருந்தேன். சோனகத்தெருப் பக்கம் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து முஸ்லிம் சனத்தை ஒஸ்மானியாக் கல்லூரிக்குப் பக்கத்தில் ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். கையில் கொண்டுபோகலாம் என்று விட்ட காசு 150 ரூபாய். பெண்களின் காதிலும் கழுத்திலும் கிடந்ததைச் சோதனைச் சாவடியில் கழற்றி வாங்கினார்கள். குழந்தையின் காதிலிருந்த பொட்டுத் தோடு உட்பட. எங்கள் பக்கத்துச் சனம் படலைக்குள் நின்று அழுதது, சிலர் ஓடிப்போய்ச் சோற்றுப் பார்சலும் தண்ணீர்ப் போத்தலும் கொடுத்தார்கள், தடுக்க ஒருவராலும் முடியவில்லை. வட மாகாணம் முழுவதிலிருந்தும் 70,000க்கு மேற்பட்ட முஸ்லிம்கள் அந்த ஒக்ரோபரில் துரத்தப்பட்டார்கள், பெரும்பாலானவர்கள் புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் போய் விழுந்தார்கள், அந்தக் கொட்டில்களில் பிறந்த பிள்ளைகளுக்கே இப்போது பிள்ளைகள்.

சோனகத்தெருவில் இன்றும் நடந்து பாருங்கள். திரும்பி வந்தவர்கள் கட்டிய புது வீடுகளுக்கு நடுவில் பழைய சுவர்கள் நிற்கின்றன. கூரை இல்லை, யன்னல் இல்லை, நிலைகளைக்கூடப் பெயர்த்துக் கொண்டு போயிருக்கிறார்கள். ஒரு வீட்டில் சமையலறை இருந்த மூலையில் புகைக்கரி படிந்த சுவர் மட்டும் இருக்கிறது, அதற்குள்ளிருந்து அரச மரம் முளைத்துக் கிணற்றடி வரைக்கும் வேர் விட்டிருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர், அவருடைய வாப்பா கஸ்தூரியார் வீதியில் இரும்புக்கடை வைத்திருந்தவர், 2002 சமாதான காலத்துக்குப் பிறகு வந்து பார்த்துவிட்டு நிற்க முடியாமல் திரும்பிப் போய், போர் முடிந்த பிறகுதான் குடும்பத்தோடு வந்தார். வீடு திருத்தும் உதவிக்கு விண்ணப்பிக்கப் போன ஒரு அலுவலகத்தில், நீங்கள் இங்கே பதிவு இல்லையே என்று அவரைத் திருப்பி அனுப்பினார்கள். நாலு தலைமுறை இருந்த ஊரில். இந்த நகரசபையின் கதிரையில் ஐம்பதுகளில் ஒரு முஸ்லிம் மேயர் இருந்திருக்கிறார், அதையும் இன்றைக்கு எத்தனை பேர் அறிவார்கள்?

ஜின்னா மைதானத்தில் ஒரு கல் வேண்டும். என்ன நடந்தது, எந்த நாள், செய்தது யார் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய கல். அதைத் தமிழர்கள் பெரும்பான்மையாக இருக்கிற மாநகர சபை தானாக முன்வந்து வைக்க வேண்டும், முஸ்லிம் சனம் வந்து மனுக் கொடுத்துக் கெஞ்சும்வரை காத்திருக்கக் கூடாது.

இப்படி எழுதினால் அரசாங்கம் அதைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும், புலிகள் செய்ததைத் தமிழரே ஒப்புக்கொண்டார்கள் என்று ஜெனீவாவில் காட்டும் என்று ஒரு பயம் இருக்கிறது. அந்தப் பயத்தை நான் சும்மா தள்ளிவிட மாட்டேன், ஏனென்றால் எங்கள் துக்கத்தை எங்களுக்கு எதிராகவே பயன்படுத்திய அரசு இது. ஆனால் காட்டுவதற்கு அவர்களுக்குப் புதிதாக என்ன இருக்கிறது? முஸ்லிம்கள் போனது உலகம் அறிந்தது. 2002இல் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில் புலிகளின் பேச்சாளர் அன்ரன் பாலசிங்கமே அதற்கு வருத்தம் தெரிவித்தார். நாங்கள் எழுதாமல் விடுவதால் அரசின் கை கட்டப்படப் போவதில்லை, ஐந்து சந்தியில் இருக்கிற எங்கள் அயலவருக்குத்தான் மனம் நோகிறது. செம்மணிப் புதைகுழிகளில் உண்மை வேண்டும் என்று நாங்கள் கேட்கிற அதே வாயால் சோனகத்தெருவின் உண்மையையும் சொன்னால் எங்கள் கேள்விக்கு இன்னும் பலம்தான் கூடும், குறையாது. முதலில் அரசு பொறுப்புச் சொல்லட்டும், அதுக்குப் பிறகு பார்ப்போம் என்கிறவர்களுக்கும் இதுதான் என் பதில். 1987இல் நாற்பது வயதில் இருந்த சாட்சிகள் இன்று எண்பதை நெருங்குகிறார்கள். அரசு வாய் திறக்கும்வரை அவர்கள் இருக்க மாட்டார்கள்.

உங்கள் சபையிலேயே தொடங்குங்களேன். அந்தக் கதிரையில் இருந்த மூன்று மேயர்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள். அல்பிரட் துரையப்பா 1975 ஜூலை 27, பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயில் வாசலில். சரோஜினி யோகேஸ்வரன் 1998 மே 17, தன்னுடைய வீட்டில். அவருக்குப் பிறகு பதவியேற்ற பொன் சிவபாலன் அதே வருசம் செப்ரெம்பர் 11, மாநகர சபைக் கட்டிடத்திலேயே கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது வெடித்த குண்டில், கூட இருந்தவர்களோடு. மூவருடைய அரசியலும் எனக்கு உடன்பாடானதா இல்லையா என்பது இங்கே தேவையில்லாத பேச்சு. சரோஜினி யோகேஸ்வரனை மட்டும் யோசித்துப் பாருங்கள். நூலகம் எரிந்த அதே நாட்களில் பொலிஸ் எரித்தது அவர்களுடைய வீட்டையும்தான், கணவர் அப்போது யாழ்ப்பாணத்தின் நாடாளுமன்ற உறுப்பினர். 1989இல் கொழும்பில் தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கத்தோடு சேர்த்து அந்தக் கணவரைப் புலிகள் சுட்டார்கள். ஒன்பது வருசம் கழித்து, மேயராகிச் சில மாதங்களில், இவரையும் சுட்டார்கள். வீட்டை எரித்தது ஒரு தரப்பு, ஆளைச் சுட்டது இன்னொரு தரப்பு. இந்த நகரத்தின் கதை முழுவதும் அந்த ஒரு வீட்டுக்குள் இருக்கிறது. பழைய நகர மண்டபம் இருந்த இடத்தில் புதிய மண்டபம் எழும்புகிறதே, அதன் வாசலில் இந்த மூவரின் பெயரும், எந்த நாளில் எப்படிப் போனார்கள் என்பதும் இருக்க வேண்டும். மேயர் ஆகப்போகும் ஒவ்வொருவரும் அதைப் படித்துவிட்டு உள்ளே போகட்டும்.

இதே போலத்தான் ரஜனி திரணகம. பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்தவர், எல்லாத் துப்பாக்கிக்காரர்களின் கொடுமையையும் பெயர் சொல்லி எழுதியவர், 1989 செப்ரெம்பர் 21 பின்னேரம் சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது திருநெல்வேலியில் சுடப்பட்டார். அவர் விழுந்த வீதியால் ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் போய் வருகிறார்கள். அந்த வீதி உங்கள் எல்லைக்குள் வராவிட்டால் பக்கத்துப் பிரதேச சபையோடு கதையுங்கள், எல்லைக்கோடு ஒரு சாட்டு அல்ல.

ஆயுதம் தூக்கியவர்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள். என் எண்ணம் இது. புலிகளின் போராளிகளைப் புதைத்த கோப்பாய் துயிலும் இல்லத்தை இராணுவத்தினர் இரண்டு தரம் உழுது தள்ளினார்கள், 2011இல் அதன் மேலேயே 51ஆவது படைப்பிரிவின் தலைமையகத்தைத் திறந்தார்கள். மாவீரர் நாளான நவம்பர் 27இல் தாய்மார் முகாமுக்கு எதிர்ப்பக்கத்துக் காணியில் நின்று விளக்கேற்றியதைப் பார்த்திருக்கிறேன், சிலர் தங்கள் பிள்ளையின் கல்லறை எத்தனையாவது வரிசை என்று முகாமின் மதிலைக் காட்டிக் கையால் அளந்து சொல்வார்கள். பெற்ற பிள்ளைக்கு அழ எவருடைய அனுமதியும் தேவையில்லை, அந்த நிலம் அந்தக் குடும்பங்களுக்குத் திரும்ப வேண்டும், அதற்கும் நீங்கள் தீர்மானம் போட்டுக் குரல் கொடுக்க வேண்டும். ஆனால் அது வேறு வேலை, இந்தப் பட்டியல் வேறு வேலை, இரண்டையும் ஒரே மேடையில் கலந்தால் இரண்டுமே கெட்டுப்போகும். மற்ற இயக்கங்களில் போய் 1986இல் சொந்தச் சகோதரர்களாலேயே சந்திகளில் வைத்துக் கொல்லப்பட்ட பெடியளுக்குத் துயிலும் இல்லமும் இல்லை, நவம்பரும் இல்லை. அவர்களுடைய அம்மாமார் கேட்டால் அந்தப் பெயர்களையும் பட்டியலில் சேருங்கள். இப்படிச் சேர்ப்பதுதான் சரி என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

எப்படிச் செய்வது? கொங்கிறீட் தூபி வேண்டாம், ஒரு தூபி என்றால் திறப்பு விழா வரும், யார் நாடா வெட்டுவது என்ற சண்டை வரும், இரவோடு இரவாக ஒரு புல்டோசரும் வரக்கூடும். சின்னச் சின்னதாக, நடந்த இடத்திலேயே வையுங்கள். ஜெர்மனியில் தங்கை இருக்கிற ஊரில் நாசிகள் பிடித்துக்கொண்டுபோன யூதர்களின் பெயர்களை அவர்கள் கடைசியாக இருந்த வீட்டு வாசலில் உள்ளங்கை அளவு பித்தளைத் தகட்டில் பதித்திருக்கிறார்கள், பெயர், பிறந்த வருசம், கொண்டுபோன நாள், கொல்லப்பட்ட இடம், அவ்வளவுதான். ஐரோப்பா முழுவதும் ஒரு லட்சத்துக்கு மேல் அப்படி இருக்கிறதாம். அங்கே அவை நடைபாதையில் தரையோடு இருக்கின்றன. செத்தவர் பெயரை மிதிக்க எங்கள் சனம் சம்மதிக்காது, எனவே மதிலில், படலைத் தூணில், சந்திச் சுவரில் கண்ணுக்கு நேரே வையுங்கள். குடும்பம் வேண்டாம் என்றால் வைக்க வேண்டாம். பயத்தில் வேண்டாம் என்று சொல்கிறவர்களின் பெயரைப் பதிவேட்டில் மட்டும் பாதுகாத்து வையுங்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஒருநாள் வந்து கேட்பார்கள்.

முதலில் வேண்டியது அந்தப் பதிவேடுதான். ஆஸ்பத்திரிப் பதிவுகள், மரணச் சான்றிதழ்கள், கோயில்களிலும் தேவாலயங்களிலும் பள்ளிவாசல்களிலும் உள்ள குறிப்புகள், கிராம சேவகர்களின் கோப்புகள், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் வருசக்கணக்காகக் கையில் பிடித்துக்கொண்டு வீதியில் நிற்கிற படங்கள், எல்லாம் சிதறிக் கிடக்கின்றன. பல்கலைக்கழகத்து வரலாற்றுத்துறை மாணவர்களைக் கூப்பிடுங்கள், வருவார்கள். எந்த வட்டாரத்தில் யார், எந்த நாள், எப்படி என்று வீட்டுக்கு வீடு போய் எழுதட்டும். கட்சிக்காரர்களை மட்டும் இதற்குள் விடாதீர்கள். உறுப்பினர்களாகிய உங்களிடமே இதைச் சொல்வது உங்களைக் குறைத்து எண்ணி அல்ல. மே மாதம் முள்ளிவாய்க்கால் நினைவு நாள் வந்தால் மேடையில் யார் முதலில் விளக்கேற்றுவது என்று தள்ளுமுள்ளு நடக்கும்போது பின்வரிசையில் பிள்ளையைப் பறிகொடுத்த கிழவி வெயிலில் நிற்பதைப் பார்த்துப் பார்த்து மனம் வெந்துபோய்ச் சொல்கிறேன்.

இன்னொன்று, நாள். ஒக்ரோபர் 30ஐ நகரத்தின் நினைவு நாளாக எடுங்கள். 1990இல் முஸ்லிம்கள் துரத்தப்பட்டது அந்தத் திகதியில். சரியாக ஐந்து வருசம் கழித்து, 1995 ஒக்ரோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வரும்போது புலிகளின் ஒலிபெருக்கி வாகனங்கள் மறுபடியும் தெருத்தெருவாக வந்தன, இந்தத் தடவை போகச் சொன்னது எங்களை. லட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் செம்மணிப் பக்கமும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிக்கு நடந்தது. மழை. சைக்கிள் கரியரில் தையல் மெசினைக் கட்டி உருட்டிக்கொண்டு போனோம், ஒரு அடி வைக்க கால்மணித்தியாலம், குடிக்கத் தண்ணீர் இல்லாமல் குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைத்தண்ணீரைச் சேர்த்துப் பிள்ளைகளுக்குப் பருக்கினார்கள். வழியில் செத்த முதியவர்களை வீதிக் கரையில் விட்டுவிட்டுப் போக வேண்டி வந்தது. அந்த முதியவர்களின் பெயரும் எங்கும் இல்லை.

திரும்பி வந்த பிறகு, 1996இல், அதே செம்மணியில் காவலரண். பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வந்த பள்ளி மாணவியும் அவளைத் தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் அங்கேதான் கொல்லப்பட்டார்கள். 1999இல் தோண்டியபோது 15 உடல்கள். 2025இல் சித்துப்பாத்தி மயானத்தில் வேலை நடந்தபோது மறுபடியும் எலும்புகள் தென்பட்டு, நீதிமன்ற உத்தரவில் தோண்டத் தோண்ட 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள், அவற்றில் குழந்தைகளும், ஒரு நீலப் பள்ளிப் பையும், ஒரு பொம்மையும். ஜூனில் ஐநா மனித உரிமை ஆணையாளரே வந்து அந்தக் குழிகளைப் பார்த்துவிட்டுப் போனார். அவர்கள் யார் என்று தெரிய எத்தனை வருசம் ஆகுமோ. ஆனால் 1996இல் எங்கள் வட்டாரங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போனவர்களின் பெயர்கள் எங்களிடம் இருக்கின்றன, அவற்றை எழுத மரபணுப் பரிசோதனை முடிய வேண்டியதில்லை.

அதனால் ஒக்ரோபர் 30 அன்று காலை ஜின்னா மைதானத்தில் கூடுவோம், முஸ்லிம்களின் கதையை முதலில் கேட்போம், பிறகு எல்லோருமாகச் சேர்ந்து செம்மணி வரைக்கும் நடப்போம். கொடி வேண்டாம், பேச்சு வேண்டாம், பெயர்களை மட்டும் வாசிப்போம். நாட்டின் தலைவர்களே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, பெப்ரவரி 4ஆம் திகதி சுதந்திர தினத்தில் போரில் பாதிக்கப்பட்ட எல்லோரையும் நினைக்க ஒரு தனி நிகழ்வு வேண்டும் என்று 2011இலேயே எழுதிக் கொடுத்தது. அது நடைமுறைக்கு வந்து நான் பார்க்கவில்லை. அவர்கள் செய்யாததை இந்த நகரம் தனக்காகச் செய்யலாம்.

வருகிற மாத அமர்வில் இரண்டு பிரேரணை கொண்டுவாருங்கள்: பதிவேட்டைத் தொடங்க ஒரு குழு, ஜின்னா மைதானத்தில் முதல் கல். பணம் இல்லை என்று சொல்லாதீர்கள், இரண்டுக்கும் சேர்த்து ஒரு வீதிக்குத் தார் போடுகிற செலவுகூட வராது. எங்கள் ஒழுங்கையில் 1986இலிருந்து போனவர்களின் பெயர்களை நானும் அயலிலுள்ள இரண்டு ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம், அதில் முஸ்லிம் குடும்பங்கள் இருந்த வீடுகளும் இருக்கின்றன. அதன் பிரதியை எந்த அலுவலரிடம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று தெரியப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
கொட்டடி வட்டாரத்து வாக்காளர் ஒருவர்